லவீனியாவின் சாம்பல் உடை

என் தங்கை டுல்சி மெதைரோஸின் பெயரை ‘டன்மோர் முனை’ ரசிகர் மன்றம் தன் பத்திரிகையில் ஒருமுறைகூட அச்சிட்டதில்லை. மன்றத்துக்காக அவள் தபால் உறைகளுக்கு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறாள், நாற்காலி அடுக்கியிருக்கிறாள், ஆண்டு விழாவில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது காபிக் கோப்பைகளைப் பொறுக்கியிருக்கிறாள். அவர்கள் எழுதாததை நான் எழுதுகிறேன். நான் ஃபால் ரிவர் என்ற ஊரில் திரைச்சீலைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் என் கத்தியிலிருந்து கோணல் வெட்டு வெளியே போனதில்லை. இதையும் நேராகத்தான் சொல்வேன்.

டன்மோர் முனை என்பது பிற்பகல் நான்கு மணிக்கு வந்த தொலைக்காட்சித் தொடர். கடலோரப் பாறைமேல் ஒரு பெரிய வீடு. அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் யாரும் செத்தபடி இருப்பதில்லை. ஒரே மூச்சில் படம் பிடித்து அப்படியே ஒளிபரப்புவார்கள். கதவை அறைந்தால் கல்சுவர் ஆடும். கல்லறைக்கல் தோள் பட்டுச் சாயும். ஊர் சிரித்தது. டுல்சி சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இரவு ஷிஃப்ட் முடித்து அப்பா பக்கத்து அறையில் தூங்குவார் என்பதால் சத்தத்தை ஒடுக்கிவிட்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். எங்கள் வீட்டு டிவி பெட்டி கறுப்பு வெள்ளை. அம்மாவின் சமையலறையில் அது இன்னும் ஓடுகிறது.

எனக்கு அந்தத் தொடர் பிடிக்காது. பேய்கள் அவ்வளவு பேசக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் என் தங்கை எதையாவது பிடித்தால் விடமாட்டாள். வளர்ந்தபின் அர்மாண்டோ என்றொருவனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தோம். “நானா, அந்தப் பேய் வீடா, ஒண்ணைச் சொல்லு” என்றான். “பேய் வீட்ல யாரும் இப்படிக் கேக்கமாட்டாங்க” என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அன்று அவளுக்காக நான் பெருமைப்பட்டேன்.

தொடரில் லவீனியா என்று ஒருத்தி. கல்யாணத்துக்கு முந்தைய நாள் கடலில் மூழ்கியவள். கல்யாண உடையோடு, கையில் மெழுகுவத்தியோடு, மாடிப்படி இறங்கி வருவாள். அதைப் படம் பிடித்த அன்று மூன்றாவது படியில் உடையின் ஓரம் ஆணியில் மாட்டிக்கொண்டது. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட அரங்கப் பணியாளன் ஒருவனின் கை வெளியே வந்தது, ஓரத்தை விடுவித்தது, மறைந்தது. அந்த நடிகை கீழே பார்க்கவே இல்லை. கண்ணும் இமைக்கவில்லை. இறங்கிப் போனாள்.

மன்றத்தார் கும்பிடுவது அந்தக் கையைத்தான். ஆண்டுதோறும் பிராவிடன்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில் கூடும்போது கடைசி நிகழ்ச்சி ‘படியிறக்கம்’. உறுப்பினர் ஒருத்தி லவீனியாவாக இறங்க வேண்டும். வழக்கமாக அவள் அழைத்து வரும் ஒருவர் படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து ‘கை’யாக இருப்பார். மூன்றாவது படியில் ஓரம் மாட்ட வேண்டும், கை அதை விடுவிக்க வேண்டும். கை விடுவிக்காவிட்டால் அது படியிறக்கமே இல்லை. யார் இறங்குவது என்பதை விழாவுக்குச் சில வாரம் முன்பே, எல்லோர் முன்னிலையிலும், செத்தவர் சாம்பல் வைக்கிற மாதிரி ஒரு கலசத்திலிருந்து சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். அதை மாற்ற யாராலும் முடியாது, தலைவியாலும்கூட.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு கலசத்திலிருந்து டுல்சியின் சீட்டு வந்தது.

“அண்ணா, கை நீதான்” என்றாள், வீட்டுப் படியேறும்போதே.

“எனக்கு நடிக்கத் தெரியாதே.”

“நடிக்க வேணாம். மாட்டின துணியை எடுத்து விடணும். தினம் அதைத்தானே பண்றே?”

உடையை அவளே தைத்தாள். தொழிற்சாலையில் மிஞ்சிய சாட்டின் துண்டுகளை மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாம் வெள்ளை. அவற்றைச் சாயத்தில் முக்கி, ஈரமாகவே அம்மாவின் டிவி பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, மறுஒளிபரப்பில் லவீனியா வரும்வரை காத்திருந்து ஒப்பிட்டாள். மார்புப் பகுதி ஏறக்குறைய வெள்ளை. கைப்பகுதி மழைமேக நிறம். கீழே வரவர அடர்ந்து ஓரம் ஈயம்போல. சாயம் காய்ச்சியது கீரை சூப் பாத்திரத்தில்.

“ஏன்டி, இனிமே இதுல எப்படிடீ சூப் வைக்கிறது?” என்று அம்மா கத்தினாள். “கல்யாண டிரெஸ்ஸு வேற! எலி கலர்ல கட்டிக்கிட்டு எவ கல்யாணம் பண்ணுவா?”

“செத்துப் போனவம்மா.”

“செத்தவளுக்கு எதுக்குச் சாட்டின்?”

விழா நாள் காலை, உடைகளைப் பார்வையிடும் நேரம். மன்றத் தலைவி வெர்னா டாட்டர்சால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் மகள். கழுத்தில் லவீனியாவின் பதக்கம் மாதிரி ஒன்று. பக்கத்தில் அவள் கணவன் க்ளைட். எதற்கும் தலையாட்டுகிறவன். டுல்சி உறையிலிருந்து உடையை வெளியே எடுத்ததும் வெர்னா எழுந்தேவிட்டாள்.

“என்னம்மா இது?”

“லவீனியா டிரெஸ்.”

“லவீனியா டிரெஸ் பச்சை. கடல்பாசிப் பச்சை. குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“எனக்கும் தெரியும். புத்தகத்துல படிச்சேன்.”

“அப்புறம்?”

“நான் பார்த்தது சாம்பல். எங்க வீட்ல அவ சாம்பலாத்தான் இறங்கினா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்து வளர்ந்தவர்கள்தான். எந்தத் தெருவில் எந்தப் பெட்டி இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர்கள்தான் சத்தமாகச் சிரித்தார்கள்.

“எங்க வீட்ல முதல் நாள்லேர்ந்தே கலர் டிவி” என்றாள் வெர்னா. “உங்க வீட்ல வாங்க முடியலேங்கறதுக்காக லவீனியா கலர் மாறணுமா? இதோ பாரு, என் தங்கச்சி தச்ச பச்சை டிரெஸ் இருக்கு. அதைப் போட்டுக்கோ. இல்லேன்னா மெரில் இறங்கட்டும்.” மெரில் அவள் தங்கை மகள். சுருள்முடியில் ஏற்கெனவே பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

“சீட்டு எனக்கு விழுந்தது.”

“சீட்டு விழுந்தா போதுமா? சலவைத் தண்ணி மாதிரி வந்து நிப்பியா?”

என் காது சூடானது. வாயைத் திறந்தேன். டுல்சி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சீட்டு விழுந்தா போதும்னு நீங்கதான் விதி எழுதுனீங்க” என்றாள். “நான் இதுலதான் இறங்குவேன்.”

வெர்னா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “சரி. இறங்கு” என்றாள்.

சாயங்காலம் நான் கறுப்பு ஸ்வெட்டரும் கையுறையும் போட்டுக்கொண்டு படிக்கட்டின் பின்பக்கம் போனேன். அங்கே ஏற்கெனவே க்ளைட் குந்தியிருந்தான். அவனும் கறுப்புக் கையுறை போட்டிருந்தான்.

“இது என் இடம்” என்றேன்.

“கமிட்டி முடிவு, தம்பி. கை யாருன்னு விதியில எழுதலையாம். நான் சொல்றதைச் செய்யறவன், அவ்ளோதான்.”

“ஒழுங்கா எடுத்து விடுவியா?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “போய் உக்காரு” என்றான். இரண்டு பேர் வந்து என்னைத் தோளைப் பிடித்துக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மேலே தயாராகிக்கொண்டிருந்த டுல்சிக்குச் சொல்ல வழி இல்லை. விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

படிக்கட்டின் உச்சியில் அவள் வந்தாள். உடை மட்டுமல்ல, முகம், கழுத்து, கை, உதடு எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் பூசியிருந்தாள். கூந்தலில் மாவு. ஹோட்டலில் நெருப்புக்கு அனுமதி இல்லை. கையில் பேட்டரி மெழுகுவத்தி, அதன் கண்ணாடிக்கும் சாம்பல் தாள் ஒட்டியிருந்தாள். கூடம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக இருந்தவர்கள் நடுவில், அம்மாவின் சமையலறைப் பெட்டியிலிருந்து நேராக இறங்கி வந்தவள்போல நின்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேயை நான் நம்புகிறவன் அல்ல.

“டிவி ரிப்பேரா?” என்று ஒருவன் கத்தினான்.

“ஆன்டெனாவைத் திருப்புங்கப்பா!”

“சிமென்ட் இன்னும் காயல!”

முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் ஓரம் மாட்டியது. கறுப்புக் கை வெளியே வந்தது. ஓரத்தைப் பிடித்தது.

விடவில்லை.

கூடத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு கிசுகிசு, பிறகு சிரிப்பு. கம்பிகளுக்கு நடுவில் அந்தக் கை துணியைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தது. மேடையின் மறுபக்கம் மெரில் பச்சை உடையில் காத்திருந்தாள். டுல்சி திரும்பி மேலே ஏறி ஓடிப்போவாள், அல்லது அழுவாள், அல்லது குனிந்து கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார்கள். எதைச் செய்தாலும் லவீனியா செத்தாள். நான் எழுந்தேன். பக்கத்திலிருந்தவன் என் பெல்ட்டைப் பிடித்து உட்காரவைத்தான்.

என் தங்கை கீழே பார்க்கவில்லை. கண் இமைக்கவில்லை. மெழுகுவத்தி ஆடவில்லை. நான்காவது படியில் கால் வைத்தாள்.

சாட்டின் கிழியும் சத்தம் எனக்குத் தெரியும். குறுக்கே கிழியும்போது முனகும். நெசவோடு கிழியும்போது விசில் அடிக்கும். முதலில் முனகியது, பிறகு நீளமாக விசில் அடித்தது. அவ்வளவு சாயமும் அவ்வளவு தையலும் ஏறிய ஈயநிற ஓரம் அப்படியே அவன் கையில் தங்கிவிட்டது. கேமரா ஒன்று மின்ன, அவள் கடைசிப் படிவரை இறங்கி, கூடத்தின் நடுவழியாக நடந்து, வாசல் கதவைத் தாண்டிப் போனாள். சிரிப்பு நின்றிருந்தது. கடைசி வரிசையில் யாரோ இருவர் கைதட்டினார்கள்.

வெர்னா மைக்கைப் பிடித்தாள். “கை விடுவிக்கல. அதனால இது கணக்குல வராது. விதி விதிதான். இப்போ மெரில்.”

மெரில் இறங்கினாள். கை ஒழுங்காக விடுவித்தது. கூடம் இடிகிற மாதிரி தட்டினார்கள்.

வெளியே டுல்சி கார் மேல் சாய்ந்து நின்றிருந்தாள். சாம்பல் பூச்சில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

“அவங்க கணக்குல வராதுன்னுட்டாங்க” என்றேன். “உள்ள போய் அந்த க்ளைட்டை ரெண்டு வச்சுட்டு வரேன்.”

“இறங்கினேனா இல்லையா?”

“இறங்கினே.”

“கீழ பார்த்தேனா?”

“இல்ல.”

“அப்போ வண்டியை எடு. பசிக்குது.”

நாங்கள் காரில் ஏறியதும் க்ளைட்டே வந்துவிட்டான். கிழிந்த ஓரத்தைச் சுருட்டி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கல்யாண வீட்டில் பாத்திரம் திருப்பிக் கொடுப்பவன் மாதிரி நின்றான். “இதைத் தச்சுக்கலாம்ல? வேணும்னு பண்ணல, வெர்னா சொன்னா...”

டுல்சி கார்க் கண்ணாடியை ஏற்றினாள். கண்ணாடிக்கு மேல் மிச்சமிருந்த இடைவெளி வழியாக நான் சொன்னேன். “நீயே வச்சுக்க. நாலு பேர் பார்க்கச் சட்டையில குத்திக்க. விடாம பிடிக்கறதுக்கு இனிமே உனக்கு வேற எதுவும் கிடைக்காது.”

வழியில் சொரீசோ என்கிற கார இறைச்சி வைத்த ரொட்டி வாங்கித் தின்றோம். ரொட்டியெல்லாம் அவள் சாம்பல் பூச்சு. அடுத்த வாரம் மன்றத்திலிருந்து அவளை நீக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. காரணம், ‘லவீனியாவின் நினைவை அவமதித்தது’. சந்தா அதற்குமுன்பே கட்டியிருந்ததால் பத்திரிகை மட்டும் வருவது நிற்கவில்லை.

குளிர்காலத்தில் விழா இதழ் வந்தது. வழக்கம்போல நகல் எடுக்கும் கருவியில் போட்டது, கறுப்பு வெள்ளை, முகங்கள் மங்கல். அட்டையில் முழுப்பக்கப் படம். படிக்கட்டு, மெழுகுவத்தி, லவீனியா. கீழே, ‘இந்த ஆண்டின் லவீனியா, மெரில் கோய்ல். இதுவரை நடந்தவற்றில் தலைசிறந்த படியிறக்கம்.’

நான் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உடையின் ஓரம் இல்லை. முழங்காலுக்குக் கீழே நெசவோடு போன நீளக் கிழிசல், எனக்குத் தெரிந்த கிழிசல். எடுத்த படங்களிலேயே நல்லதைப் பொறுக்கியிருக்கிறார்கள். தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பச்சை எது, சாம்பல் எது என்று தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே வண்டியை எடுத்திருப்பேன். அம்மா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இது நம்ம டுல்சிதானே? ஏன்டி வேற எவ பேரோ போட்டிருக்கு?”

டுல்சி பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். நான்கு மணி ஆகப்போகிறது. “பச்சைன்னு நெனச்சுட்டாங்கம்மா” என்றாள், திரும்பாமலே. பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அந்த இதழ் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். ஓரம் கிழிந்திருக்கும். அது டுல்சி மெதைரோஸ், ஃபால் ரிவர்க்காரி, என் தங்கை.