முகூர்த்தப் பட்டு எடுப்பது போல ஒரு துப்பாக்கி

எங்கள் ஊரில் ஒரு பொருள் எடுக்கப் போனால், அது யாருக்கோ அவருக்கு மட்டும் அங்கே வேலை இருக்காது. இதை நான் ஆத்திரத்தில் சொல்வதாக நினைப்பீர்கள். ஆத்திரத்தில்தான் சொல்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பாயில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. முகூர்த்தப் பட்டு எடுக்க வேனில் வந்து இறங்குவார்கள். பெரியப்பா முந்தானையைத் தேய்த்துப் பார்ப்பார். அத்தை புடவையை இரண்டு கையிலும் ஏந்தி, “நல்லா வெயிட்டா இருக்குது, ஜரிகை ஏமாத்தல” என்பாள். கறுப்பு கலந்த கரை கண்ணில் பட்டால் உடனே அதை அப்பால் தள்ளுவார்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஓரமாகச் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பாள். எல்லாம் முடிந்து பில் போடும்போது, “உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?” என்று ஒரு கேள்வி. அவளும் தலையாட்டுவாள். புடவையை அப்படி எடுக்கட்டும். துப்பாக்கியை யாராவது அப்படி எடுப்பார்களா? எங்கள் வீட்டில் எடுத்தார்கள்.

எனக்கு எதற்குத் துப்பாக்கி என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தேன். எப்போதாவது ஒரு நாள் எங்களை மைதானத்தில் குப்புறப் படுக்க வைத்து, பாயிண்ட் டூ டூ ரைஃபிளைக் கையில் கொடுத்து அட்டையைச் சுடச் சொல்வார்கள். கன்னத்தை ரைஃபிள் கட்டையில் வைத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரலை மெல்ல இழுக்கும் அந்த நொடியில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. அந்த நிம்மதி அதன் பிறகு எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் எனக்கென்று அப்படிப் படுத்துச் சுட வேண்டும் என்று ஆசை வந்தது. சொன்னால் எல்லோரும், “குரங்கு தொல்லையா?” என்று கேட்டார்கள். கோயில் ஊரில் பெண்பிள்ளை துப்பாக்கி கேட்டால் குரங்கை விரட்டத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எந்த உயிர் மேலும் எனக்கு விரோதம் கிடையாது. அட்டையில் உள்ள வட்டத்தைச் சுட வேண்டும், அவ்வளவுதான்.

எது வேண்டும் என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரியும். நிஜத் தோட்டா போடுகிற ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டும், அந்த அலைச்சல் நமக்கு ஆகாது. காற்றால் சுடுகிற, விசை குறைந்த ஏர் ரைஃபிளுக்கு அது தேவையில்லை. அதிலும் ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி இழுத்துச் சுடுகிற ரகம் எனக்குச் சரிப்படாது. நாள் முழுக்கப் புடவையை வீசி விரித்து என் வலது தோள் போய்விட்டது. தண்ணீர்க் குடம் தூக்கவே இடது கைதான். அதனால் செமி-ஆட்டோமேட்டிக் பார்த்து வைத்திருந்தேன். காற்றை முன்னாலேயே பம்பில் அடித்து நிரப்பிவிடலாம். அதை வீட்டுக்காரர் செய்வார். சின்னச் சின்ன ரவைகளை மேகசினில் வரிசையாகப் போட்டுவிட்டால், ஒன்று போனதும் அடுத்தது தானாக வந்து உட்காரும். எடையும் குறைவு. வீடியோ பார்த்துப் பார்த்து அதன் ஆணி வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

சென்னையில் கடை. லீவு நாளில் தனியாகப் போய் வாங்கி வரலாம் என்று இருந்தேன். வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவருடைய அண்ணனிடம் சொல்லிவிட்டார். விடிந்ததும் செவிலிமேட்டில் எங்கள் வாசலில் கார் நிற்கிறது. அண்ணனும் அவர் மனைவியும் குளித்து, நெற்றியில் பட்டையும் குங்குமமுமாக.

“ராகு காலத்துக்கு முன்னாடி கடைக்குள்ள போயிடணும், கிளம்பும்மா,” என்றார் அண்ணன்.

சென்னையில் கடைக்காரர் நாற்காலியை அண்ணனுக்குப் போட்டார், டீயை அவருக்குக் கொடுத்தார், “என்ன மாடல் பாக்கறீங்க சார்?” என்றும் அவரையே கேட்டார். நான் மாடல் பெயரைச் சொன்னேன். கடைக்காரர் அதை எடுத்து வந்தார். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, ஒல்லியான உடம்பு. என் தோளில் வைத்தேன். தையல்காரர் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல உட்கார்ந்தது. நான் இன்னும் குறி பார்த்து முடிக்கவில்லை, அண்ணன் அதை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். இரண்டு கையிலும் ஏந்தினார்.

“என்னாப்பா, வெயிட்டே இல்லயே. உள்ள ஒண்ணும் இல்லாத சரக்கு மாதிரி இருக்குது.”

ஓரகத்திக்கு வேறு கவலை. “பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிக்கினு வீட்டுக்குள்ள கறுப்பா எடுத்துக்கினு போறது? வேற கலர் காட்டச் சொல்லுங்க.”

அவர்கள் பெண்ணின் கல்யாணத்துக்கும் என் ரைஃபிளின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா,” என்றாள். பட்டுக் கடையில் எத்தனையோ வருடம் குப்பை கொட்டிய எனக்கு.

கடைக்காரர் ஆளைப் படித்துவிட்டார். மினுமினுக்கும் அரக்கு நிற மரக்கட்டை போட்ட ஒன்றைக் கொண்டு வந்தார். குழலை மடக்கி இழுக்கிற ரகம். அண்ணன் ஏந்தினார், முகம் மலர்ந்தது. “இது, இதான் ஐட்டம்.” கட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஓரகத்தி பாலிஷ் நிறத்துக்குத் தலையாட்டினாள். எனக்கு இது வேண்டாம், தோள் ஒத்துக்கொள்ளாது என்று நான் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். என் வீட்டுக்காரர், “அண்ணன் பாத்து எடுத்தா தப்பு இருக்காதும்மா,” என்றபடி கார்டை நீட்டிக்கொண்டிருந்தார். பெட்டியில் போட்டு ஒட்டிய பிறகு அண்ணன் என்னைக் கேட்டார்.

“உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?”

நான் தலையாட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கத்தில், தெரிந்தவர் தோப்பில், மண்மேட்டுக்கு முன்னால் அட்டையைக் குத்தி வைத்தோம். குழலை மடக்க எனக்குப் பாதிகூட வரவில்லை. தோளில் சுரீர் என்றது. “விடு, நான் மடக்கித் தர்றேன்,” என்றார் அண்ணன். மடக்கியவர் தானே சுட்டார். அப்புறம் என் வீட்டுக்காரர் சுட்டார். அப்புறம் மறுபடி அண்ணன். கடைசியில் என் கையில் கொடுத்தபோது அந்தக் கனத்தைத் தாங்காமல் கை ஆடி, ரவை மண்மேட்டில் எங்கோ புதைந்தது.

“பொம்பளைங்க கைக்கு இதெல்லாம் செட் ஆவாதுமா,” என்றார் அண்ணன், ரொம்பப் பரிவாக.

அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். என் கைக்குப் பொருந்தியதைப் பிடுங்கி வைத்துவிட்டு, பொருந்தாததைக் கொடுத்துவிட்டு, குற்றம் என் கையில் என்கிறார். இந்த ரைஃபிள் பீரோ மேல் ஏறிவிட்டால் அப்புறம் என் ஆசையும் அதோடு ஏறிவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அடுத்த லீவுக்கு அந்தக் கனத்தை இடது கையில் இடுக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். மாற்றித் தரக் கடைக்காரருக்குத் தடை இல்லை. ஆனால், “சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் மேடம்,” என்று என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: “ஒரு நிமிஷம் சார், அண்ணன கேட்டுக்கினு சொல்றேன்.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கடைக்காரரின் போனைக் கையில் எடுத்தேன். “நீங்க யாரையும் கேக்க வேணாம். சுடப் போறது நானு. கறுப்ப எடுத்துக்கினு வர்றேன்.” கட் செய்து கவுண்டரில் வைத்தேன். கடைக்காரர் போய்ப் பெட்டியை எடுத்து வந்தார்.

விஷயம் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? அந்த ஞாயிறு தோப்புக்கு அவரும் வந்துவிட்டார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பம்பை அடித்துக் காற்று நிரப்பினார். நான் பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். கன்னம் கட்டையில் ஒட்டியது. மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். யாரும் மடக்கித் தர வேண்டியிருக்கவில்லை. ஒன்று போனதும் அடுத்தது வந்து உட்கார்ந்தது. மேகசின் தீரும் வரை தலை தூக்கவில்லை. தோள் வலிக்கவில்லை. அட்டை நடுவில், உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்தில், ஓட்டைகள் ஒன்றையொன்று தின்றிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“பரவாயில்லயே,” என்று அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து கையை நீட்டினார். “குடும்மா, நான் எப்படி இருக்குதுன்னு பாத்து சொல்றேன்.”

காலி ரைஃபிளைப் பாயில் என் இடது பக்கமாக நகர்த்தி வைத்தேன். நீட்டிய அந்தக் கையில் புது அட்டை ஒன்றை வைத்தேன்.

“இத அந்த மேட்டுல குத்திட்டு வந்துடுங்க மாமா. நான் இன்னும் முடிக்கல.”

அவர் அட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். அவர் அட்டையைக் குத்திவிட்டு என் பின்னால் வந்து நிற்கும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் மேகசினில் ரவையைப் போட்டேன்.