ஏழில் ஒரு பங்கு காற்று

காற்றை அமுக்கும் கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் குழாயின் மூன்றாவது வளைவில் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். கடுகளவு குமிழ் ஒன்று மெல்ல எழும்பி உடைகிறது. "மாட்டினியா! நேத்தே உன் மேல எனக்கு ஒரு கண்ணு" என்று ஸ்பேனரை எடுத்து இணைப்பை இறுக்குகிறார். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையின் முதலாளி அவர். காலையில் எல்லா இணைப்புகளையும் இப்படித் தடவிப் பார்க்காமல் டீ குடிக்க மாட்டார். வேலையாட்கள் வைத்த பெயர் நுரைக்காரர். அது அவருக்கும் தெரியும், பெருமைதான்.

"வெளிய இருக்கற வரைக்கும் அது ஊர்க் காத்து. நம்ம டேங்க்குக்குள்ள வந்துட்டா நம்ம காத்து" என்பது அவர் கொள்கை. காற்றுக்குழாயைத் திருப்பி யாராவது சட்டைத் தூசியை ஊதிக்கொண்டால், "கையில்லயா உனக்கு? தட்டு" என்பார். மகளின் பிறந்தநாள் பலூன்களுக்கு இரண்டிரண்டு முடிச்சுப் போட்டவர். பத்து நாள் கழித்து வந்த விருந்தாளிகளிடமும், "அமுக்கிப் பாருங்க, அப்படியே இருக்கு" என்று நீட்டினார்.

காற்று வெளியே ஓடாமல் காவல் காத்தவருக்கு, அதற்குள்ளேயே ஒளிந்து வந்த தண்ணீரை என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை. அமுக்கிய காற்று குழாயில் ஆற ஆற வேர்க்கும். அந்த வேர்வை பெயின்ட் துப்பாக்கி வரை பயணம் போய், ஒரு கறுப்புக் காரின் கூரையில் அம்மை போட்டதுபோல் கொப்புளித்தது. தேய்த்து மறுபடி அடித்தார்கள். மறுபடி கொப்புளம். அடித்தவர் நுரைக்காரரின் மனைவியின் தம்பி. கறுப்பில் முகம் தெரிகிற மாதிரி அடிக்க அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை.

"அத்தான், மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா நான் தெருக்கோடிப் பட்டறைக்குப் போயிடறேன். அவங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

"போயிட்டு? எங்க வீட்டுக்குச் சோத்துக்கு வரமாட்டியா மாப்ள?"

"சோத்துக்கு வருவேன். வேலைக்குத்தான் வரமாட்டேன்."

அன்றைக்குத் தொடங்கியது, காற்றைக் காய வைக்கும் டிரையர் தேடும் படலம். முதலில், ஈரத்தை உறிஞ்சும் மணிகள் போட்ட ஒரு சின்னக் குடுவையை வாங்கிவந்து குழாயில் மாட்டினார். துளிக் காற்றைக்கூட வெளியே விடாத உத்தமமான குடுவை. ஆனால் மூன்றே நாளில் மணிகள் தண்ணீர் குடித்து மயங்கிவிட்டன. வறுத்தால் தெளியும் என்றார்கள். அடுப்பில் வாணலியை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தவரை மனைவி பிடித்துவிட்டார். "சாப்பிடற பாத்திரத்துல பட்டறைச் சாமானா? இனிமே இந்த வாணலி உங்களுக்கு. புது வாணலி எனக்கு."

பிறகு டிரையர் விற்கும் பெண் வந்தார். பொறுமைசாலி, இல்லாவிட்டால் நான்கு தடவை வந்திருக்க மாட்டார்.

"குளிர வச்சுத் தண்ணிய எறக்கற மிஷின் ஒண்ணு இருக்கு சார். பல பட்டறைக்கு அது போதும். ஆனா உங்க குழாய் திறந்த முற்றத்து வழியா போகுது. பனி நாள்ல அங்க மறுபடி வேர்க்கும். உங்களுக்கு ரெண்டு தூண் வச்ச, மணி போட்ட டிரையர்தான் சரி. ஒரு தூண் காத்தக் காய வைக்கறப்ப, இன்னொரு தூணோட மணியெல்லாம் காயும்."

"அத எது காய வைக்கும்?"

"காஞ்ச காத்துதான். ஏழுல ஒரு பங்கு எடுத்துக்கும்."

"எடுத்துக்கிட்டு?"

"வெளிய விட்டுடும்."

"வெளியன்னா... நம்ம பட்டறைக்குள்ளதானே?"

"எங்க விட்டாலும் போனது போனதுதான் சார்."

மற்ற விற்பனைக்காரர்களையும் வரவழைத்தார். குதிரைத்திறன் கேட்கவில்லை, உத்தரவாதம் கேட்கவில்லை. "காத்த வெளிய ஊதாத மிஷின் இருக்கா?" என்ற ஒரே கேள்விதான். எட்டு மாதம் இப்படி ஓடியது. மூன்றாம் தடவை அடிக்கத் துணியாமல், கறுப்புக் கார் போர்வைக்குள் கிடந்தது. கடைசியில் மனைவி, சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி போகணுமா, காத்து போகணுமா? ஒண்ணு சொல்லுங்க."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் பதில் சொன்னார். அவ்வளவு நேரம் யோசித்ததை மனைவி இன்னும் மறக்கவில்லை.

டிரையர் வந்தது. ஆள் உயரத்தில் இரண்டு தூண்கள். எண்ணெய்ப் பிசுக்கு மணிகளைக் கெடுக்காதபடி முன்னால் ஒரு வடிகட்டி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு. முதல் நாள் ஒவ்வொரு 'புஸ்'ஸுக்கும் நுரைக்காரர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் டீ இறங்கவில்லை. மூன்றாம் நாள் சத்தமே இல்லை, முகத்தில் நிம்மதி. பழகிவிட்டது போலும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஐந்தாம் நாள், கறுப்புக் காரைத் தொடுவதற்கு முன்னால் மச்சினன் ஒரு பழைய கதவில் அடித்துப் பார்த்தார். கொப்புளம்.

விற்ற பெண் ஓடிவந்து டிரையரைச் சுற்றிப் பார்த்தார். அடியில், காற்று வெளியேறும் வாயில், ஒரு பித்தளை மூடி இறுகத் திருகப்பட்டிருந்தது. மேலே காய்ந்த சோப்புத் தடம்.

"யார் சார் இத அடைச்சது?"

"பெரிய லீக்கும்மா" என்றார் நுரைக்காரர் தணிந்த குரலில். "நுரை போட்டுப் பாத்தேன். இப்ப ஒரு குமிழ்கூட வராது."

மச்சினன் கத்தவில்லை. "அத்தான், அது மூச்சு விடற எடம். மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடுன்னா ஓடுமா?" என்றவர், முகமூடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த மூடி இருக்கற எடத்துல நான் இல்ல."

நுரைக்காரர் பையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, தம் கையாலேயே மூடியைத் திருகிக் கழற்றினார். மணிகள் தெளிய, அன்று முழுவதும் டிரையர் யாருக்கும் காற்றுக் கொடுக்காமல் தனக்குத் தானே ஊதிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழாதபடி அவர் பட்டறை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கறுப்புக் கூரையில் மூன்று பூச்சு. மேலே எரிந்த குழல்விளக்கு அதில் கோடு கிழித்தாற்போல் நெளியாமல் கிடந்தது. மச்சினன் குனிந்து தன் பல்லைப் பார்த்துக்கொண்டார். "அத்தான், வந்து பாருங்க. கண்ணாடி!"

நுரைக்காரர் வந்தார். குனியப் போன நேரத்தில் முதுகுக்குப் பின்னால் டிரையரில் 'கிளிக்' என்று வால்வு மாறியது; அடுத்தது 'புஸ்ஸ்'தான். குழந்தைக்கு ஊசி போடும்போது அப்பாக்கள் செய்வதுபோல, மச்சினனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.