அண்ணி போட்ட மாஸ்க்

ஆளைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றால் இதை ராத்திரி நடந்ததாக மாற்றிச் சொல்லியிருக்கலாம். மாற்றவில்லை. பட்டப்பகலில், சேலையூரில், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் நடந்தது. வருஷம் 2008. இதில் வரும் நேரமெல்லாம் ஜோதிலட்சுமி தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி வைத்தது. அந்தத் தாள்கள் இன்னும் அவளிடம் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜோதிலட்சுமி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பி.காம். அவள் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள். அந்தப் படிப்பால் புகுந்த வீட்டில் ஒரே ஒரு பலன்தான். மாமியார் காந்தா மற்றவர்களை வெறுமனே திட்டுவாள், இவளை 'படிச்சவ' என்று சேர்த்துத் திட்டுவாள்.

நாத்தனார் அஞ்சலிக்கு இருபத்தைந்து வயசு, நூற்று இருபத்து நாலு கிலோ. கால் சென்டரில் நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து இறக்கிவிடும். ஒன்பதிலிருந்து இரண்டு வரை தூக்கம். அவள் குறட்டை பால் பூத் வரை கேட்கிறது என்று அவள் அண்ணன், ஜோதிலட்சுமியின் புருஷன் விக்கி, தெருவில் சொல்லிச் சிரிப்பான். படப்பையில் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தின்போதே தட்டை ஒரு கையில் வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டார்கள், தை மாசத்துக்குள் பெண் பாதியாக வேண்டும் என்று. அதற்குத்தான் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன்.

ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். மணிக்கு அறுபது தடவை மூச்சு நின்றது.

"இப்படியே மயக்க மருந்து கொடுத்தா, நின்ன மூச்சு திரும்பாதும்மா," என்றார் டாக்டர். "மூக்குல காத்து அடிக்கிற மிஷின் ஒண்ணு வாடகைக்குக் கிடைக்கும். தூங்கறப்ப மாஸ்க் மாட்டிக்கணும். தினம் அஞ்சு மணி நேரம், இருபத்தொரு நாள். உள்ள ஒரு கார்டு இருக்கு. போட்டீங்களா இல்லையான்னு அது எழுதி வச்சிடும். அதைப் பார்த்துட்டுத்தான் தேதி தருவேன்."

மேற்குத் தாம்பரத்தில் கடை வைத்திருந்த துரை மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். அஞ்சலி இரண்டு நாள் போட்டாள். மூன்றாம் நாள் பிய்த்து எறிந்தாள்.

"தலகாணிய மூஞ்சில வச்சு அமுக்கற மாதிரி இருக்கும்மா. என்னால முடியாது."

காந்தா மகளைப் பார்த்தாள். பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள்.

"மிஷினுக்கு யார் மூச்சுன்னு தெரியுமா இன்னா? நீ மாட்டிக்கோ."

"அத்தை, அது தப்பு. டாக்டர் ரிப்போர்ட்டை நம்பித்தான் மயக்க மருந்து..."

"கீழ படுத்துக்கினு மூச்சு வுடு. அத்தக்கூட செய்ய முடியலன்னா நீ இன்னாத்துக்கு இந்த வூட்ல கீற?"

அஞ்சலி கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை, களைத்துப் போனவள். "உன் மூச்சு நல்லா இருக்கு அண்ணி. இருபத்தொரு நாளைக்குக் கொஞ்சம் கொடேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கார்டில் நேரமும் பதிவாகும் என்பதால், அஞ்சலி தூங்குகிற அதே நேரத்தில், அதே அறையில், கீழே பாயில் ஜோதிலட்சுமி படுத்தாள். மாஸ்க் பெரிய முகத்துக்கானது. வாரை இறுக்கி இழுத்துக் கட்டியும் ஓரத்தில் காற்று பீச்சியது. கன்னத்தில் சிவப்பாகத் தடம் விழுந்தது.

தூக்கம் வரவில்லை. அஞ்சலியின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். குறட்டை திடீரென்று அறுந்துவிடும். அப்போது மனசுக்குள் எண்ணுவாள். பன்னிரண்டு... பதின்மூன்று... பதினான்கு... முங்கி எழுந்தவள் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. மறுபடியும் குறட்டை. முதல் நாள் எழுந்து உலுக்கினாள். "தூங்க வுடு அண்ணி," என்று எரிந்து விழுந்தாள் அஞ்சலி. அதற்கப்புறம் வெறுமனே எண்ணினாள். திரும்பி வந்துவிடும் என்று பழகிவிட்டது.

பதின்மூன்றாம் நாள், செப்டம்பர் ஒன்பது. மாப்பிள்ளை வீட்டில் ஏதோ விசேஷம் என்று காந்தாவும் அஞ்சலியும் காலையிலேயே படப்பைக்குக் கிளம்பினார்கள். விக்கி வேலைக்குப் போய்விட்டான்.

"அவ இல்லன்னு சும்மா இருந்துடாத. கரெக்டா ஒம்போதுக்கு மாட்டு," என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள் காந்தா.

9:04. மாட்டினாள். உஸ்ஸ்ஸ்... காற்று மூக்கில் இறங்கியது. கட்டில் காலியாக இருந்தது. முதல் தடவையாக அந்த அறையில் குறட்டை இல்லை. கண் அசந்தது.

10:38. வியர்த்து விழித்தாள். ஃபேன் நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று ஈ.பி.காரனுக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி பாதியில் நின்று, யாரோ அலுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மாஸ்கைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

கை அப்படியே நின்றது.

உஸ்ஸ்ஸ்... காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

மிஷினில் சின்னதாக எரிகிற பச்சை விளக்கு அணைந்திருந்தது. காற்று மட்டும் நிற்கவில்லை. அது ஈரமாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

10:41. கட்டில் கிறீச்சிட்டது.

பார்த்தாள். யாரும் இல்லை. மெத்தை மட்டும் நடுவில் பள்ளமாக இருந்தது.

குறட்டை ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து இல்லை. ட்யூபுக்குள்ளிருந்து.

கொர்ர்ர்... கொர்ர்ர்...

நின்றது.

பழக்கம். எண்ணினாள்.

பதினான்கு... இருபது... முப்பது...

காற்று திரும்பியது. வெளியே தள்ளவில்லை. உள்ளே இழுத்தது. அவள் மூக்கிலிருந்து, தொண்டையிலிருந்து, நெஞ்சின் அடியிலிருந்து உறிஞ்சி இழுத்தது.

வாரைப் பிடித்தாள். வழுக்கியது.

நாற்பது...

பிடுங்கினாள். காது ஓரம் கிழிந்தது.

மாஸ்க் தரையில் விழுந்தது.

உள்பக்கம் ஆவி படிந்தது... மறைந்தது.

படிந்தது... மறைந்தது.

10:46. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. ஆவி படிவது நின்றுவிட்டது.

சாயங்காலம் அவர்கள் திரும்பியதும் சொன்னாள். பேய், பிசாசு என்று எதுவும் சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம் அத்தை. எனக்குப் பயமா இருக்கு. அஞ்சலிக்கு ஏதாவது ஆயிடும்."

காந்தா தலையில் இருந்த பூவைக்கூட எடுக்கவில்லை. "எம் பொண்ணு ஒல்லியாயி மாலை போட்டுக்கினா உனக்கு வயிறு எரியுதா?"

விக்கி அவள் செல்போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஆபரேஷன் முடியட்டும், தரேன்."

மிச்சம் எட்டு நாளையும் போட்டு முடித்தாள். வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் எட்டு நாள் இருந்து பார்க்க வேண்டும். அந்த எட்டு நாளும் ஒன்றும் நடக்கவில்லை.

ரிப்போர்ட் பிரமாதமாக இருந்தது. மூச்சு எங்கேயும் நிற்கவில்லை. டாக்டர் அஞ்சலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செப்டம்பர் 24, ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. 25-ஆம் தேதி ரூமுக்கு மாற்றினார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். அதில் அஞ்சலி அசந்து தூங்கிவிட்டாள். ரிப்போர்ட் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் மாஸ்கைப் பற்றி யாரும் பேசவில்லை. காந்தா கேன்டீனுக்குப் போனாள். ஜோதிலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் 1:20. குறட்டை அறுந்தது.

எண்ணினாள். பன்னிரண்டு... பதின்மூன்று... பதினான்கு...

வந்துவிடும்.

இருபது... முப்பது...

நாற்பதில்தான் எழுந்து நர்ஸைக் கூப்பிட ஓடினாள். அந்த நாற்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காலண்டர் தாளில் மட்டும் எழுதியிருக்கிறாள்.

அஞ்சலியின் உடலை எடுத்ததற்கு மறுநாள், சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும்போதே காந்தா சொன்னாள்: "இவ மூச்சை வாங்கினா எம் பொண்ணு. இவ எம் பொண்ணு மூச்சை வாங்கிட்டா." எல்லாரும் ஜோதிலட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். விக்கியும்தான்.

ஜோதிலட்சுமி மிஷினின் ஒயரைச் சுருட்டி, பையில் போட்டு, ஜிப் மூடி, பரண்மேல் ஏற்றினாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பார்த்துத் திருப்பித் தந்த கார்டு அதற்குள்ளேயே இருந்தது. காரியம் எல்லாம் முடிந்து, அக்டோபர் ஏழாம் தேதி காலையில்தான் பையை இறக்கினாள். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தாள். பை மடியில் இருந்தது.

துரைக்கு விஷயம் தெரியாது. கார்டை உருவித் தன் கம்ப்யூட்டரில் போட்டான். சந்தோஷமாகத் தலையாட்டினான்.

"ரொம்ப ஒழுங்கா போட்டிருக்காங்க மேடம். டாக்டர் சொன்ன நாளுக்கு அப்புறம்கூட விடலை. போன மாசம் 26-லேர்ந்து தினம் அஞ்சு மணி நேரம், ஒரு நாள் தவறலை."

திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"இங்க பாருங்க. முதல் ரெண்டு நாள் காத்து கசியலை. அப்புறம் இருபத்தொரு நாள் ஒரே கசிவு, சின்ன முகம் யாரோ மாட்டின மாதிரி. இப்ப திரும்ப கச்சிதமா உக்காந்திருக்கு." அவன் திரையை நெருங்கிப் பார்த்தான். சிரிப்பு குறைந்தது. "ஆனா இன்னா இது... மூச்சு நின்னது ஒரு தடவைன்னு காட்டுது. எவ்ளோ நேரம்னு பார்த்தா, அஞ்சு மணி நேரம். தினமும் அதே மாதிரி."

சுவர்க் கடிகாரத்தில் 10:15.

"இன்னிக்கும் பதிவாகியிருக்கு மேடம். 9:04-க்கு ஆரம்பம்."

9:04-க்கு அவள் ஷேர் ஆட்டோவில் இருந்தாள். பை மடியில்தான் இருந்தது. ஜிப் மூடியிருந்தது.

"முடிஞ்ச நேரம் போடலையே," என்றான் துரை. மேசைமேல் இருந்த பையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "இப்ப யார் மேடம் போட்டுக்கினு இருக்காங்க?"