துன்ஜாய் கழித்த நாடு

துருக்கியில், கைசேரி நகரத்தில் பொருளாதாரம் கற்பிப்பவர் துன்ஜாய் எர்பில். வருடக்கணக்காக உதவிப் பேராசிரியர். பின்னால் வந்தவர்களெல்லாம் இணைப் பேராசிரியராகி, அவரைப் பார்த்தால் பாவப்பட்டுச் சிரிக்கும் அளவுக்கு முந்திப் போய்விட்டார்கள். பதவி உயர ஒரு ஆய்வுக் கட்டுரை தேறியாக வேண்டும். இந்த முறையும் தவறினால் ஓய்வு பெறும்வரை உதவிதான்.

எடுத்துக்கொண்ட விஷயம் பழசு. ஒரே கூடைச் சாமானை எந்த நாட்டில் வாங்கினாலும் கடைசியில் ஒரே விலைதான். விலை ஏறிய அளவுக்கு நாணயம் இறங்கிச் சரிக்கட்டிவிடும் என்பது கொள்கை. ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்தால் சோதனைக்குத் தெம்பு போதாது. அதனால் இருபது நாடுகளின் பல வருட விவரத்தை ஒன்றாகக் கட்டிக் கணினியில் போட்டார். கொள்கை நிற்கவில்லை. சோதனையை மாற்றினார், அப்போதும் நிற்கவில்லை. பிறகு நாடு நாடாகக் கழித்துப் பார்த்தார். துருக்கியைக் கழித்ததுதான் தாமதம், கொள்கை ஜம்மென்று எழுந்து நின்றது. மனசாட்சி லேசாக இருமியது. அவர் கட்டுரையை அனுப்பிவிட்டார்.

அங்காராவில் நேர்காணல். குழுவில் மூன்று பேர். தலைவர் ஷுக்ரூ பக்கங்களைப் புரட்டிவிட்டு, வாத்தியார்கள் ஒருவரையொருவர் அழைக்கும் வழக்கப்படி ஆரம்பித்தார்.

"ஹோஜாம், எல்லா நாடும் இருக்கு. நம்ம நாட்டக் காணோமே?"

துன்ஜாய் பதவி போச்சு என்றே நினைத்தார்.

"அது கொஞ்சம் அடங்காத நாடு, ஹோஜாம். சேர்த்தா மத்த நாட்டையும் கெடுத்துடுது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் என் கட்டுரையில தொண்ணூத்தேழுலயே நம்ம நாட்டத் தூக்கிட்டேன்," என்றார் ஷுக்ரூ.

"நான் அர்ஜென்டினாவையும் சேர்த்துத் தூக்கினேன். இன்னும் நல்லா வரும்," என்றார் பக்கத்திலிருந்தவர்.

துன்ஜாய் தேறிவிட்டார்.

வீட்டில் மனைவி நெர்மின் சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வழக்கமாக வாங்கும் பாலாடைக்கட்டியில் பாதிதான் பையில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். கன்னத்தில் முத்தமிட்டாள்.

"சம்பளம் ஏறுமா, துன்ஜாய்?"

"ஏறும்."

"விலை ஏறுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

புதிய இணைப் பேராசிரியர் பாலாடைக்கட்டியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். அந்தக் கேள்வியின் பதிலுக்கு வேண்டிய ஒரே நாட்டைத்தான் அவர் கழித்திருந்தார்.