கோமதி குதித்தது நிஜம்

அந்தச் செய்தி என் கை வழியாகத்தான் சங்கரன்கோவிலுக்குள் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து டிரங்க் கால், கோமதியின் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து அரிசிக்கடைக்கு. இணைப்பைக் கொடுத்தபின் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது டெலிபோன் ஆபரேட்டரின் சட்டம். நான் கேட்டேன். மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த எங்கள் எக்சேஞ்ச் கோமதி, காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள். அதற்குள் போர்டில் அடுத்த விளக்கு எரிந்தது. அதையும் எடுத்துப் பேசினேன். வேறென்ன செய்ய?

மத்தியானத்துக்குள் கவுன்டரில் ஒருவர் துக்கம் விசாரிக்கிறேன் பேர்வழி என்று வந்து நின்றார். அன்றைக்கு ஏரோப்ளேனிலிருந்து குதித்தாளே, அந்தக் கோளாறு உள்ளுக்குள்ளேயே இருந்து ஆளை முடித்துவிட்டது என்றார். காலேஜில் படிக்கும்போது குதித்ததற்கும் இத்தனை வருஷம் கழித்து வந்த காமாலைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். அந்த ‘எல்லாரும்’ நம் ஊர்க்காரர்களாகிய நீங்கள்தான். வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கோமதி அம்மன் பெயரை வைக்காத வீடு நம் ஊரில் உண்டா? எங்கள் எக்சேஞ்சில் மட்டும் மூன்று கோமதிகள். ஒருத்தி புளியங்குடிக் கோமதி, ஒருத்தி ஒல்லிக் கோமதி. இவள் ஏரோப்ளேன் கோமதி. முதல் இரண்டையும் சாதாரணமாகச் சொல்வீர்கள். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அவள் பன்னிரண்டு வருஷம் தினமும் பார்த்தாள்.

அவள் பாளையங்கோட்டையில் படித்தபோது, காக்கி உடுப்பு ராணுவப் பயிற்சியில் சேர்ந்திருந்த மாணவிகளிலிருந்து பாராசூட் குதிக்க ஆள் எடுத்தார்கள். ஆக்ராவில் பயிற்சி. சம்மதக் கடிதம் இங்கிலீஷில் இருந்ததால், தாஜ்மகால் பார்க்கப் போகிறேன் என்று மகள் சொன்னதை நம்பி அவள் அப்பா கையெழுத்துப் போட்டார். தான் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான் என்பாள். அங்கே தரையில் விழுந்து உருளவும் உயரமான மேடையிலிருந்து குதிக்கவும் பழக்கிவிட்டு, ஒரு காலையில் விமானத்தில் ஏற்றினார்கள். கதவு திறந்தே இருந்ததாம். குதித்ததும் இங்கிலீஷில் எண்ண வேண்டும், எண்ணி முடித்து மேலே பார்த்துக் குடை விரிந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இவளுக்கு இங்கிலீஷ் அத்தனையும் மறந்துபோய் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய் தமிழில் எண்ணியதாம்.

“பெறகு குடை விரிஞ்சிட்டுக்கா. ஒரு சத்தமில்ல. ஏட்டி இங்கன வா, ஏட்டி அங்கன போன்னு கூப்பிட ஒரு ஆள் இல்ல. எறங்கவே மனசில்லாம எறங்கினேன்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். இதைச் சொல்லும்போதும் தலையில் ஹெட்போன் மாட்டியிருந்தது. பனவடலிசத்திரத்திலிருந்து யாரோ ஒருவர் லைன் கிடைக்கவில்லை என்று வைதுகொண்டிருந்தார்.

அப்போதிருந்த சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த விஷயம் அவர் தொண்டையில் இறங்கவில்லை. பொம்பளைப்பிள்ளை தானாகக் குதித்திருக்காது, பின்னால் நின்றவன் தள்ளிவிட்டிருப்பான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கோமதி கோபப்படவில்லை. “தள்ளுததுக்கு ஒரு ஆள் நின்னார் சார். அவர் கை மேல படுததுக்குள்ள நான் போயிட்டேன்” என்றாள். ஆனாலும் அவர் ரிட்டையர் ஆகும்வரை தள்ளிவிட்ட கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் பங்கு. மற்றவர்களை வைதுவிட்டு என்னை விட்டால் நியாயமில்லை.

திருவேங்கடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிற பெண்ணை வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன், ஆபீசில் எப்படி இருக்கிறாள் என்று சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளையின் அம்மா, மதுரைக்குக் கால் புக் பண்ணுகிற சாக்கில் கவுன்டருக்கு வந்தார். மெதுவாக என்னிடம் குனிந்து கேட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடுமாமே, பிள்ளை பெறுவாளா, டாக்டர் சீட்டு ஏதும் வைத்திருக்கிறாளா?

என்ன கேள்வி அது! செருப்பால் அடித்தது போல இருந்தது. ஆனால் நான் சண்டை போடவில்லை. நல்ல இடம், கைநழுவக் கூடாது என்று நினைத்தேன். அவள் குதிக்கவேயில்லை, விமானத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள், மற்றதெல்லாம் கூடப் படித்த பிள்ளைகள் கட்டிவிட்ட கதை என்று சொன்னேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் போர்டில் இருந்த கோமதி ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“அக்கா எனக்காகப் பொய் சொல்லுதாக அம்மா. நான் குதிச்சது நெசம். அஞ்சு தடவை குதிச்சேன். டாக்டர் சீட்டு வாங்க மாட்டேன்.”

அந்த அம்மாள் மதுரை டிரங்க் காலை கேன்சல் செய்துவிட்டுப் போனார். வரனும் போனது. பிறகு வந்த மூன்று வரன்களும் அதே சீட்டைக் கேட்டுவிட்டுப் போயின. அவள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நான் பொய் சொன்ன அன்றிலிருந்து ஒரு மாதம், வேலை தவிர அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகப் போய், உன் நல்லதுக்குத்தானேடி சொன்னேன் என்றேன்.

“வரன் போனதுக்கு வருத்தமில்லக்கா. நானா நெனச்சு நானா செஞ்சது இந்த ஒண்ணுதான். அதையும் நான் செய்யலன்னு சொல்லிட்டீகளே.”

நான் அழுதேன். அவள் அழவில்லை, டீ வாங்கி வரச் சொன்னாள். அதற்குப்பின் பழையபடி பேசினாள். ஆனால் ஆக்ராவைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை.

முந்தாநாள் ஆபீசில் இரங்கல் கூட்டம். தொடங்குமுன் அவள் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். அந்தக் குதித்த கதையை மட்டும் எடுக்க வேண்டாமாம், தன் மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம், பெண்ணுக்கும் அத்தையின் புத்தி இருக்குமோ என்று பேசுவார்களாம். பேசியவர்கள் எல்லாரும் அவரிடம் வாக்குக் கொடுத்தவர்கள் போலவே பேசினார்கள். அடக்கமானவள், அமைதியானவள், இருக்கிற இடம் தெரியாதவள். யாரைச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

என் முறை வந்தது. கோமதி பறக்கிற விமானத்திலிருந்து ஐந்து தடவை குதித்தவள், யாரும் தள்ளவில்லை, தானாகக் குதித்தாள் என்றேன். ஒருநாள் நானே இதை இல்லை என்று சொன்னேன், அது பச்சைப் பொய் என்றும் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் அண்ணன் வழிமறித்தார். மகளுக்கு வரன் தட்டிப்போனால் நான் பதில் சொல்வேனா என்று கேட்டார்.

“கேக்க வாரவுகள எங்கிட்டயே அனுப்புங்க அண்ணாச்சி. நான் சொல்லுதேன்” என்றேன்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. கோமதி குதித்தாளா என்று இனி யார் கேட்டாலும், ‘ஆமா’. அன்றைக்குக் கவுன்டரில், அவள் காது கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.