கைதட்டச் சொன்ன பயிற்சியாளர்

திருவொற்றியூரில் ஆசிரியர்களான எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்திருந்தார். கசங்காத வெள்ளைச் சட்டை. எதைச் சொன்னாலும் உடனே எங்களைக் கைதட்டச் சொல்வார்.

எண்ணூர்ப் பள்ளி ஆசிரியை எழுந்து கேட்டார். "சார், பக்கத்து கெமிக்கல் கம்பெனி நாத்தம் வந்தா புள்ளைங்க கிளாஸ்லயே வாந்தி எடுக்குதுங்க. அப்போ இன்னா பண்றது?"

"நீங்க சுவாரசியமா நடத்துங்க மேடம். பசங்களுக்கு நாத்தமே தெரியாது," என்றார். அதற்கும் கைதட்டினோம்.

இடைவேளையில், பயிற்சியாளரிடம் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று விசாரித்தேன்.

"எண்ணூர்லதான் சார் வாத்தியாரா இருந்தேன். அந்த நாத்தத்துல எவன் குந்திகினு இருப்பான்? அதான் ட்ரெயினிங் பக்கம் வந்துட்டேன்."

சொல்லிவிட்டு டீயை ரசித்துக் குடித்தார். நான் என் டீயை அப்படியே வைத்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவரால் அந்த ஆசிரியையிடம் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது? இன்றும் நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.