இத்தாலி அலுமாரி தேடிக் காத்தான்குடிக்கு

காலை 5.30, திருகோணமலை. வாடகைக்குப் பிடித்த சின்ன லொறியின் முன்னிருக்கையில் நான் ஏறி உட்கார்ந்தபோது, மடியில் ஓர் அளவு நாடா, ஒரு டோர்ச், நான்கு பழைய போர்வைகள். போக வர இருபத்தெட்டாயிரம் ரூபாய் என்று சாரதி ரவியிடம் பேசியிருந்தேன். மட்டக்களப்புக்கு நூற்று முப்பது கிலோமீற்றர் சொச்சம். அங்கிருந்து காத்தான்குடி இன்னும் ஆறு.

“என்னக்கா, போர்வையெல்லாம் கட்டிக்கொண்டு? ராத்தங்கலோ?” என்றார் ரவி.

“எனக்கில்லை தம்பி, அலுமாரிக்கு.”

என் பைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தீர்ந்துபோன, வெறும் சென்ட் போத்தல்கள் சேர்ப்பவள். இருபத்தாறு வருடச் சேகரம், இருநூற்றுச் சொச்சம். இவற்றை வைத்திருந்த அலுமாரியைக் கறையான் தின்று, ஒரு நாள் மத்தியானம் நடுத்தட்டு சரிந்தது. பத்தொன்பது போத்தல்கள் தூளாயின. மிச்சம் பிஸ்கட் பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. “ஒண்டில் நல்ல அலுமாரியாப் பார், இல்லாட்டி எல்லாத்தையும் ஆருக்கும் குடு” என்று கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கைபேசியும் கையுமாக இருந்தேன். பழைய இத்தாலிக் கண்ணாடி அலுமாரி என்று விற்பதில் முக்கால்வாசி, நேற்று அடித்த பலகையில் தங்கப் பூச்சுப் பூசியவை. அப்போதுதான் காத்தான்குடி விளம்பரம் கண்ணில் பட்டது. பக்கக் கண்ணாடிகள் வளைந்தவை. அப்படியொன்றை இங்கே எவரும் செய்வதில்லை. விளம்பரம் போட்டவர் கட்டாரில் வேலை செய்யும் மகன். எடுத்துக் கேட்டேன், இணைப்பு விட்டு விட்டு வந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றதற்கு, உம்மா இத்தாலியில், மாமா காட்டுவார் என்றார்.

“அட, இத்தாலியிலயா! குடுத்து வைச்சவ. நல்லா ஊர் சுத்திப் பாக்கச் சொல்லுங்கோ!” என்றேன். அவர் விலாசத்தை மட்டும் அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டார். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

7.20, வாகரை. பிளேன்டீ அறுபது ரூபாய். இந்தக் கதையை ரவியிடம் சொன்னேன்.

“இத்தாலியில இருக்கிற மனுசி இஞ்ச கிடக்கிற அலுமாரிய ஏனக்கா விக்கோணும்?”

“அங்க புதுசு வாங்கியிருப்பா.” பதில் எனக்கே திருப்தியாக இருந்தது.

8.15 ஓட்டமாவடி. 9.20 கல்லடிப் பாலம். ரவி வேகத்தைக் குறைத்தார். வாவி இரண்டு பக்கமும் அசையாமல் கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது இந்தப் பாலத்தில் வளைந்த கண்ணாடி அதிருமா என்றுதான் பார்த்தேன்.

9.45, காத்தான்குடி. நடுவீதியில் பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்க, வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. வாவியை அங்கே ‘ஆறு’ என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். மாமா என்று மகன் சொன்னவர், உம்மாவின் தம்பி ஹனீபா, இவர்தான். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள்.

“வாங்க, வாங்க. ராத்தா உள்ளுக்க இரிக்கா. இத்தாவில இரிக்கிறா, வெளிய வர மாட்டா. நீங்க பொம்புள, உள்ளுக்குப் போங்க. டிரைவர் தம்பி என்னோட இஞ்ச இரிக்கட்டும்.”

“அவ இத்தாலியில இல்லையா?” வாய் முந்திக்கொண்டது.

“இத்தாலியா? ராத்தா கொழும்புக்கே ரெண்டு தரந்தான் போயிரிக்கா. மச்சான் மௌத்தாகி மூணு மாசம்.”

இத்தா. கணவன் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டை விட்டு வெளிவராமல், அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம். அதை நான் அறியாதவள் இல்லை. பக்கத்துத் தெரு முழுக்க முஸ்லிம் குடும்பங்கள். ஆனால் மூன்று மாதமாக இத்தாலி இத்தாலி என்று அலைந்த காதுக்கு ‘இத்தாவில’ என்பதும் இத்தாலியாகவே விழுந்திருக்கிறது. தகப்பனை இழந்த பிள்ளையிடம், அவன் தாயைக் குடுத்து வைச்சவ என்றிருக்கிறேன்! காது கூசியது. அலுமாரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், லொறியில் ஏறி ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்காமல் போனால் அந்தப் போத்தல்களை இனி நிம்மதியாகப் பார்க்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

விறாந்தை இருட்டாக இருந்தது. ஹனீபாவின் அக்கா பரீதா ராத்தா வெள்ளைச் சேலையில் பாயில் இருந்தார். சுவரோரம் ஆளுயரத்துக்கு மேலாகப் படுக்கை விரிப்பால் மூடிய ஏதோ ஒன்று. நான் அதைப் பார்க்கவேயில்லை என்றால் நம்புங்கள்.

“ராத்தா, உங்கட மகனிட்ட நான் ஒரு பிழையான கதை கதைச்சிட்டன்,” என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேனே என்று பதறிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நீதானா புள்ள அது! ‘உம்மா, ஒங்கள இத்தாலியில நல்லாச் சுத்திப் பாக்கட்டாம்’ எண்டு மகன் அண்டைக்கே சொன்னான். மூணு மாசத்துல அண்டைக்குத்தான் சிரிச்சன். மறுகா அழுதன். இதெல்லாம் அவருக்கிட்டச் சொல்லிச் சிரிக்கிற கதை. சொல்ல ஆளில்லையே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்ததையும் மறைக்க மாட்டேன்.

விரிப்பை நான்தான் இழுத்தேன். அலுமாரியின் உட்புறப் பின்பக்கம் முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடி. இத்தாவில் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம். அப்படியொன்றும் இல்லையென்று இப்போது மௌலவிமார் சொன்னாலும் விரிப்பை எடுக்க மனம் வரவில்லை என்றார் ராத்தா. டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரங்களில் தவிட்டு நிறப் புள்ளிகள். அது வயதின் அடையாளம். சுவரோரச் சந்தால் தெரிந்த முதுகுப் பலகையின் விளிம்பு மெருகில்லாமல் கறுத்திருந்தது. இழுப்பறையின் அடியில் பாதி கிழிந்த ஒட்டுச் சீட்டில் ‘மிலானோ’ என்ற இத்தாலி நகரின் பெயர் மட்டும் மிச்சம். கொழும்பில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஊர் திரும்பியபோது தன் கணவர் ஏலத்தில் எடுத்தது என்றார்.

“நடுத்தட்டு மட்டும் நம்மட ஊர்க் கண்ணாடி. மகன் சின்னதுல பந்தடிச்சி ஒடைச்சது. பொய் சொல்லி விக்க மாட்டன்.”

“இதை விக்க உங்களுக்கு மனசிருக்கா ராத்தா?” பயந்து பயந்துதான் கேட்டேன்.

“அவருக்கு இது உயிரு. எனக்கு வேல! இருபத்திரெண்டு வருசமாத் தொடைக்கிறன். கொண்டு போ. என்ன வைக்கப் போற?”

“வெறும் சென்ட் போத்தல்.”

“வெறும் போத்தலுக்கா இம்பட்டுத் தூரம் வந்த!” என்று மீண்டும் சிரித்தார். ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் என்று மகன் சொன்ன விலைக்கு மேல் பேச்சில்லை.

10.40. ராத்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரவியும் ஹனீபாவும் அயலவர் இருவரும் வந்தார்கள். தட்டுகளைக் கழற்றி, போர்வை சுற்றி, வாசல் நிலையில் இரண்டு விரல் இடைவெளியில் அலுமாரி வெளியேறும்வரை நான் மூச்சு விட்டேனா தெரியாது. ஒரு கீறலும் இல்லை.

விடைபெற உள்ளே திரும்பியபோதுதான் கண்டேன். அலுமாரி நின்ற இடத்தில் ஒரு யன்னல். இத்தனை வருடமும் அதை அடைத்துக்கொண்டுதான் அது நின்றிருக்கிறது. வேறு எந்தச் சுவரிலும் கொள்ளவில்லையாம். ராத்தா வந்து கொண்டியை இழுத்தார், துரு அசையவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். ராத்தா குசினியிலிருந்து உலக்கையைக் கொண்டுவந்து இரண்டு தட்டுத் தட்டியபின் கதவு திறந்தது. பின்பக்கம், ஆள் நடமாட்டமில்லை. தென்னைகளுக்கு அப்பால் ஆறு, அதில் ஒற்றைத் தோணி. காற்று வந்து சுவரில் தொங்கிய கலண்டரைப் புரட்டியது.

ராத்தா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இன்னம் நாப்பது நாள் கெடக்கு புள்ள. இதுல இருந்து ஆத்தப் பாத்துட்டு இரிப்பன்.” முகத்தைத் திருப்பாமலே சொன்னார். “போயிட்டு வா.”

12.15. ஏறாவூர் தாண்டும்போது வீட்டுக்குக் கோல் எடுத்தேன். எங்கள் வீட்டில் நான் அளந்து வைத்திருந்த இடம், கடலைப் பார்த்த யன்னலடி.

“அலுமாரிய அதில வைக்கேலாது. சாமியறைச் சுவரை அளந்து வையுங்கோ,” என்றேன்.

“யன்னல் எப்பவும் பூட்டித்தானே கிடக்கு, ஆர் அதைப் பாக்கிறது?” என்றார் கணவர்.

“இனி நான் பாக்கிறன்.”